அகலமாகக் காட்டும் கண்ணாடியும் அருகில் வந்துவிட்ட லாரியும்

சைக்கிளுக்கு எந்தப் பின்நோக்குக் கண்ணாடி வாங்கலாம் என்று உடன் ஆய்வாளர் ஒருவர் எங்கள் குழுவில் எளிமையாகக் கேட்டார். மூன்று நாள்களாக அங்கே வந்து குவிந்த பதில்களைப் படித்தபின் இதை எழுதாமல் இருக்க இயலவில்லை. ‘பின்புறம் முழுவதும் தெரிகிற கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள்’ என்றார் ஒருவர். பலரும் அதனை வழிமொழிந்தனர். ‘கழுத்து இருக்கும்போது கண்ணாடி எதற்கு?’ என்றார் வாரக்கடைசிகளில் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் நண்பர். மூன்றாமவர், நான் மதிக்கும் பேராசிரியர். ‘சைக்கிளில் வரும் ஒவ்வொருவருக்கும் கண்ணாடியைக் கட்டாயமாக்கிவிட்டால் விபத்துகள் தாமே குறையும்’ என்பது அவர் கருத்து. முதற்கருத்து ஒளியியலுக்கு மாறானது. இரண்டாவது, சுமை ஏற்றிய சைக்கிளை ஓட்டியறியாதவரின் கருத்து. மூன்றாவதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது, பேராசிரியர் பொறுத்தருள்க.

நான் விஜயபுரம் மண்டலத்தைச் சேர்ந்தவன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக் கோட்டுக்கு இப்பால் ஆந்திரத்தில் நின்றுவிட்ட பகுதி இது. வீட்டில் கண்ணாடி என்போம். கடையில் ‘அத்தம்’ என்று தெலுங்கில் கேட்போம். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுவோர் யார்? நகரியின் விசைத்தறிக் கூடங்களுக்கு வேலைக்குச் செல்வோர், இருபுறமும் கேன் தொங்கவிட்ட பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், அறுபது கடந்த விவசாயத் தொழிலாளர். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத்தான் போகிறது. கிராமச் சாலையிலிருந்து அதில் ஏறும் சைக்கிளுக்குப் பின்னால் மாம்பழப் பருவத்தில் லாரிகள், வெட்டுக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள், ஆண்டு முழுவதும் திருமலைக்கு விரையும் வேன்கள். சைக்கிள் கண்ணாடி குறித்த எந்தப் பரிந்துரையும் இந்தச் சாலையில் இந்த மனிதர்களுக்குப் பயன்பட வேண்டும். ஆனால் குழுவில் பகிரப்பட்ட பரிந்துரைகளில் பெரும்பாலானவை வேறெங்கோ, வேறெவருக்கோ எழுதப்பட்டவை.

முதலில் எந்தப் பக்கம் என்பது. இது விவாதத்துக்கே உரியதன்று என்று எண்ணியிருந்தேன். நாம் இடப்புறம் செல்கிறோம். நம்மை முந்துவோர் வலப்புறமாக முந்துகின்றனர். ஆகவே கண்ணாடி வலப்புறம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியிலும் வலப்புறம் செல்கிறார்கள். அங்கே கண்ணாடி இடப்புறம். இணையத்தில் விற்கும் கண்ணாடிகளுள் கணிசமானவை அந்தச் சந்தைக்காக வடிவமைக்கப்பட்டவை. சிலவற்றைத் திருப்பி மாட்டலாம். சிலவற்றின் தண்டு வளைவு வலக்கைப் பக்கம் மாட்டினால் கண்ணாடியை உள்நோக்கித் தள்ளிவிடும், முழங்கைதான் தெரியும். மூக்குக்கண்ணாடியின் சட்டத்தில் செருகும் சிறு கண்ணாடி வாங்குவோரும் வலக்கண் பக்கத்துக்குப் பொருந்துமா என்று கேட்டே வாங்க வேண்டும். மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் எந்த நாட்டுச் சாலையில் ஓட்டுகிறார் என்பதைப் பார்க்காமல் அந்த நட்சத்திரத்தை நம் குழுவில் பகிர்வது ஆய்வாளர்க்கு அழகன்று.

இனி ‘முழுவதும் தெரியும் கண்ணாடி’. பள்ளியில் படித்த சமதள ஆடியையும் குவியாடியையும் நினைவுகூர்க. சமதள ஆடி உருவின் அளவை மாற்றாது. ஆனால் அது காட்டும் பரப்பு குறைவு. கைப்பிடியிலுள்ள கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 5 செ.மீ. விட்டமுள்ள சமதள ஆடியை அங்கே வைத்தால் கிடைக்கும் பார்வைக் கோணம் 4 பாகை. ஐம்பது மீட்டர் பின்னால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலம் மட்டுமே தெரியும். சைக்கிள் சற்று ஆடினாலும் சாலை கண்ணாடியை விட்டு ஓடிவிடும். எனவேதான் குவியாடி. இதுவரை எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு தொடங்குவது வளைவின் அளவில். குவியாடி பார்வைப் பரப்பை எத்தனை மடங்கு விரிக்கிறதோ அத்தனை மடங்கு உருவைச் சுருக்குகிறது. இரண்டும் ஒரே எண். விரிவு மட்டும் வேண்டும், சுருக்கம் வேண்டா என்பது கடைக்காரர் சொல்லலாம், ஒளி சொல்லாது. அந்த எண்ணைக் கணக்கிடுவது எளிது: கண்ணுக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட தொலைவை இரட்டித்து, வளைவு ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். நான் மேசையில் வைத்து அளந்த 5 செ.மீ. கண்ணாடி ஒன்றின் வளைவு ஆரம் ஏறத்தாழ 30 செ.மீ. கணக்கிட்டால் 5.7 வருகிறது. பார்வைக் கோணம் 4 பாகையிலிருந்து 23 பாகையாக விரிந்துவிட்டது. விளம்பரம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தொடர்ந்து பாருங்கள்: 50 மீட்டர் பின்னால் வரும் லாரி, 280 மீட்டர் பின்னால் வருவதைப் போன்ற சிறுமையில் தெரிகிறது. இரண்டரை மீட்டர் அகலமுள்ள லாரி அந்தக் கண்ணாடிப் பரப்பில் பிடிக்கும் இடம் 6 மில்லிமீட்டர். மோட்டார் சைக்கிள் 2 மில்லிமீட்டர். ஒரு அரிசியின் அகலம்.

காலத்தையும் கணக்கில் சேர்ப்போம். சைக்கிள் மணிக்கு 15 கி.மீ., பின்வரும் வேன் 60 கி.மீ. நெருங்கும் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர். ஐம்பது மீட்டர் என்பது நான்கு நொடி. அந்த நான்கு நொடியைக் கண்ணாடி இருபது நொடிக்கு மேற்பட்டதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க வலப்புறம் விலகலாமா என்று கண்ணாடியைப் பார்க்கும் பிள்ளைக்கு அது ‘விலகு, வெகு தொலைவில்தான் இருக்கிறது’ என்று பதில் சொல்கிறது. கண்ணாடியே இல்லையென்றால் அவள் ஐயத்தோடு தயங்கியிருப்பாள். ஐயத்தைப் போக்கித் தவறான உறுதியைத் தருகிற கருவியைப் பாதுகாப்புக் கருவி என்று எவ்வாறு அழைப்பது?

பயிற்சியில் மூளை ஈடுசெய்துகொள்ளும் என்று ஒரு மறுப்பு வரும். ஓரளவு உண்மை, ஒரே கண்ணாடியோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர் அதன் பொய்யைப் படித்துக்கொள்கிறார். ஆனால் மகிழுந்துக்கு இந்தச் சலுகையை எவரும் தரவில்லை. அமெரிக்க வாகன விதி பயணி பக்கக் குவியாடியின் சராசரி ஆரம் 889 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. அந்த மென்மையான வளைவுக்கே, கண்ணாடியில் தெரிவன தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்ற எச்சரிக்கையைப் பொறிக்கவும் சொல்கிறது. நான் அளந்த சைக்கிள் கண்ணாடியின் வளைவு அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. எச்சரிக்கை எதுவும் இல்லை. இரும்புக் கூட்டுக்குள் இருப்பவருக்கு எச்சரிக்கை, வேட்டியோடு சாலையில் இருப்பவருக்கு விளம்பரம்.

ஆகவே என் பரிந்துரை, குழுவில் விரும்பப்பட்டதற்கு நேர்மாறானது. சற்றே பெரிய, மிக மென்மையாக வளைந்த கண்ணாடி. விட்டம் 8 செ.மீ., ஆரம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். பார்வைக் கோணம் 16 பாகை அளவு, சுருக்கம் 2.4 மடங்குதான். அதே லாரி இப்போது கண்ணாடியில் 15 மி.மீ. பரப்பைப் பிடிக்கிறது. பின்னாலுள்ள சாலையின் முழு அகலமும் தெரிகிறது. வரப்பும் வானமும் தெரியவில்லை. அவை தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அழகியலார் மன்னிக்க.

வயது முதிர்ந்தோர் குறித்து ஒரு குறிப்பு. எவரும் இதைச் சொல்லக் காணேன். சமதள ஆடியில் தொலைவிலுள்ள பொருளின் உரு தொலைவிலேயே இருக்கிறது. கூர்ந்து வளைந்த குவியாடியிலோ உரு ஆடிக்குச் சற்றுப் பின்னால், ஆரத்தில் பாதித் தொலைவுக்குள் ஒட்டிக்கொள்கிறது. மேற்சொன்ன சிறு கண்ணாடியில் அது கண்ணிலிருந்து 85 செ.மீ.யில் நிற்கும். வெள்ளெழுத்து வந்த கண், சாலையைத் தெளிவாகக் கண்டுகொண்டே வந்து, கண்ணாடியைப் பார்க்கும்போது மங்கலான ஓர் அரிசியைக் காண்கிறது. எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவோரில் பெரும்பகுதியினர் அந்த வயதினர். மாறாக, மூக்குக்கண்ணாடியிலோ தலைக்கவசத்திலோ மாட்டும் சிறு சமதள ஆடி கண்ணுக்கு மிக அருகே இருப்பதால் சுருக்காமலே விரிவாகக் காட்டும், 2.5 செ.மீ. ஆடி 7 செ.மீ. தொலைவில் 20 பாகை. ஒளியியல் மதிப்பெண்ணில் அதுவே முதலிடம். ஆனால் தலைக்கவசம் அணியும் வழக்கமில்லாத, மூக்குக்கண்ணாடியை வாசிப்புக்கு மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கும் மனிதருக்கு அதனைப் பரிந்துரைப்பது வெறும் பாடப்புத்தக நேர்மை. விழுந்தால் கண்ணருகே ஒரு கம்பி இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொருத்துமிடம் பற்றி. கைப்பிடிக் குழாயின் முனைக்குள் செருகி விரியச் செய்யும் கண்ணாடிகளைப் பலர் பரிந்துரைத்துள்ளனர். நம் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் கைப்பிடி உறையில் முனை மூடியிருக்கும். உறையை அறுத்தால்தான் செருக முடியும். கைப்பிடியும் பின்னோக்கி வளைந்து ஓட்டுபவரின் இடுப்பை நோக்கி நீள்வதால், முனையில் செருகிய கண்ணாடி முழங்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வேண்டுவது, குழாயின் 22 மி.மீ. பருமனைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப். அதிலிருந்து மேலும் வெளியுமாக நீளும் எஃகுத் தண்டு. கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் அதற்கான இடம் சில விரற்கடைதான். வாங்கும் முன் அளந்து செல்க. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் பழைய மொபெட் கண்ணாடியைத் தண்டோடு கழற்றிச் சைக்கிளில் மாட்டிக் கொடுப்பதுண்டு. பட்டணத்து நண்பர்களுக்கு அது நகைப்புக்குரியது. இணையத்தில் பலமடங்கு விலைக்கு வரும் பொம்மையைவிட அதன் வளைவு மென்மையானது, பரப்பு பெரியது, தண்டு உறுதியானது. நகைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தண்டின் உறுதி சிறிய செய்தியன்று. 1911இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் உடன்செல்லும் மெக்கானிக் இல்லாமல், தம் வண்டியில் கண்ணாடி பொருத்தி ஓட்டி வென்றார். செங்கல் பாவிய தடத்தின் அதிர்வில் அதில் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். அதற்கும் முன்பு, 1909இல், டோரதி லெவிட் தம் நூலில் மகிழுந்து ஓட்டும் பெண்கள் பின்னால் வருவதைக் காணக் கைக்கண்ணாடி ஒன்றை உடன்வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். எங்கள் கிராமச் சாலைகளுக்கு ஹாரூனின் செங்கற்களே மேல். நெகிழிக் குமிழ் மூட்டில் நிற்கும் கண்ணாடி மூன்றே வாரத்தில் தலைகவிழ்ந்து ஓட்டுபவரின் முழங்காலைக் காட்டத் தொடங்கும்.

கழுத்து இருக்கிறதே என்ற நண்பருக்கு: இருக்கிறது, அதன் பயனையும் மறுக்கவில்லை. வலப்புறம் திரும்புமுன் ஒருமுறை தலைதிருப்பிப் பார்ப்பதற்குக் கண்ணாடி மாற்றாகாது. கண்ணாடி காட்டாத ஓர் ஓரம் எப்போதும் உண்டு. ஆனால் தலை வலப்புறம் திரும்பும்போது தோளும் கையும் சேர்ந்து திரும்புகின்றன. சைக்கிள் வலப்புறம், அதாவது லாரி வரும் பக்கம், இழுபடுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள சைக்கிளில் அதை அடக்கப் பழகலாம். பின்னால் இரண்டு பால் கேன்கள் தொங்க, அல்லது கேரியரில் தங்கை அமர்ந்திருக்க, கழுத்துச் சுளுக்கோடு அறுபத்தைந்து வயதில் அதைச் செய்து பார்த்துவிட்டுப் பேசலாம். கண்ணாடியின் பணி, அந்தத் திரும்பலை எப்போது முயலலாம், எப்போது முயலவே கூடாது என்று முன்கூட்டிச் சொல்வது. பின்னால் வண்டி இருக்கிறதென்றால் பள்ளத்துக்கு முன்பே வேகம் குறைத்து இறங்கிவிடலாம். இவ்வளவுதான் அதனால் இயலும். இருட்டில் இதுவும் இயலாது. முகப்பு விளக்கின் ஒளிப்புள்ளி எவ்வளவு தொலைவு என்று எந்த ஆடியும் சொல்வதில்லை. இரவில் ஓட்டுபவர் ஒரு பொருளுக்குத்தான் பணம் வைத்திருக்கிறார் என்றால், கண்ணாடியை விட்டுப் பின்விளக்கை வாங்கட்டும்.

இனி, கட்டாயமாக்குவது பற்றி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் சைக்கிளில் சென்றவர்கள். மோதல் வகைகளில் மிகுதியானது பின்னாலிருந்து மோதுவது. மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். விதிமீறல்களில் முதலிடம் மிகைவேகத்துக்கு. விபத்துகளில் பத்தில் ஏழு அதன் கணக்கில். இந்த எண்களை வைத்துக்கொண்டு, முன்னால் 15 கி.மீ. வேகத்தில் செல்பவரிடம் ‘உனக்கு ஏன் கண்ணாடி இல்லை?’ என்று கேட்பது எந்த ஆய்வு முறையியலில் அடங்கும்? பிரேக் இருப்பது பின்னால் வருபவர் காலடியில். முன்கண்ணாடி வழியாகச் சைக்கிளைச் சுருக்கமின்றி முழு அளவில் பார்த்துக்கொண்டு வருபவரும் அவரே.

சட்டத்தின் இன்றைய நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனங்களுக்குப் பின்நோக்குக் கண்ணாடியை வேண்டுகின்றன. சைக்கிள் மோட்டார் வாகனம் அன்று. நம் பல்கலைக்கழக வாகன நிறுத்தத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எத்தனை வண்டிகளில் அழகுக்காகக் கண்ணாடி கழற்றப்பட்டிருக்கிறது! சட்டம் கேட்கும் வண்டியில் கழற்றி வைத்துவிட்டு, கேட்காத வண்டியில் மாட்டச் சொல்கிறோம். ஜெர்மனியில் சாதாரண சைக்கிளுக்குக் கண்ணாடி தேவையில்லை. மணிக்கு 45 கி.மீ. வரை உந்தும் மின்சைக்கிளுக்குத்தான் அதைக் கேட்கிறார்கள். கடமை வேகத்தைப் பின்தொடர்கிறது. சைக்கிள் மிகுந்த நெதர்லாந்திலும் சைக்கிளுக்குக் கண்ணாடி கேட்கும் சட்டம் இல்லை, தனித்தடம் இருக்கிறது.

கட்டாயம் என்ற சொல்லின் விளைவு தண்டத்தொகையோடு நிற்காது. மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில், பாதிக்கப்பட்டவரிடமும் கவனக்குறைவின் ஒரு பங்கு இருந்தது என்று நிறுவினால் இழப்பீட்டை அந்தப் பங்குக்கு ஏற்பக் குறைக்கலாம். தலைக்கவசம் அணியாமை இவ்வாறு வாதிடப்படுவதை அறிவோம். நாளை கண்ணாடி விதியானால், தறிக்கூடத்துக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து அடிபட்டு இறந்தவரின் மனைவி, ‘சைக்கிளில் விதிப்படி கண்ணாடி இருந்ததா?’ என்ற கேள்விக்குக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேராசிரியர் இதை விரும்பமாட்டார் என்பதை அறிவேன். ஆனால் அவர் எழுதிய ஒற்றை வரி போய்ச் சேரும் இடம் அதுதான். டெல்லி ஐஐடியில் பணியாற்றி 2021இல் மறைந்த தினேஷ் மோகன், சாலைச் சாவுகளை அடிபட்டவரின் ஒழுக்கக் குறைவாகப் பார்க்காமல் சாலை வடிவமைப்பு, வேகம் ஆகியவற்றின் விளைவாகப் பார்க்க வேண்டும் என்று பல்லாண்டு வாதிட்டார். நம் வளாகங்களில் அவர் மேற்கோளாக இருக்கிறார், பாடமாக இல்லை.

எலும்பு முறிவுக்குத் தமிழ்நாடு முழுவதும் பெயர்பெற்ற புத்தூர் கட்டு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கட்டப்படுகிறது. அது எங்களுக்குப் பெருமைதான். வாடிக்கையாளர் மிகுவது பெருமையன்று. கட்டாயமாக்க ஏதேனும் ஒன்று வேண்டுமெனில், நெடுஞ்சாலையில் கிராமச் சாலை வந்து சேரும் ஒவ்வோர் இடத்திலும் வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கச் செய்யுங்கள். தோள்பட்டைப் பகுதியில் சைக்கிள் செல்லும் அகலத்துக்கேனும் கடையும் ஜல்லிக்குவியலும் இல்லாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்த மாநிலம் இது. சைக்கிளைக் கொடுத்துச் சாலையைக் கொடுக்காமல் விட்டதைக் கேள்வி கேட்பது ஆய்வாளர் வேலை.

கண்ணாடி வாங்க விரும்பும் நண்பருக்கு, கடையில் செய்யத்தக்க ஒரு சோதனை. ஒரு சிறிய சமதளக் கைக்கண்ணாடியை உடன் எடுத்துச் செல்லுங்கள். வாங்கவிருக்கும் கண்ணாடியையும் அதையும் பக்கத்தில் பக்கமாக, கை நீட்டும் தொலைவில் பிடித்து, பின்னால் தொலைவிலுள்ள மின்கம்பம் ஒன்றை இரண்டிலும் பாருங்கள். இரண்டு உருக்களின் உயரத்தையும் கண்ணாடி மீதே அளவுகோல் வைத்து அளந்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். மூன்றுக்கு மேல் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அகலம் காட்டினாலும். ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்களும் இதைச் செய்து, எண்ணையும் கண்ணாடியின் விட்டத்தையும் இங்கே பதிவிடுங்கள். ஒரு பட்டியலாக்கித் தெலுங்கிலும் எழுதி நகரியில் சைக்கிள் கடை வைத்திருப்போருக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்.